மூன்றாம் மண்டலத்து மடிப்பு

ஜனவரி 9

மருமகளுக்கு,

உன் மாமியார் எழுதுவது. நானும் உன் மகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கச் சொல்லி உன் மகள் பக்கத்தில் நின்று என் முழங்கையை இடிக்கிறாள். அதனால் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

பாட்டி ஏன் போனில் பேசுவதில்லை என்று சின்னதிடம் கேட்டாயாம். காலமெல்லாம் சலவைக்கூடத்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற காது இது. போனை வைத்தால் தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது. கடிதம் என்றால் நடுவில் வெட்டாது. 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று பிறகு மாற்றவும் முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நானும் மூன்றாம் வகுப்பு, உன் மகளும் மூன்றாம் வகுப்பு. அவளாவது மேலே போவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று நோட்டீஸ் பலகையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுவார்கள். எங்களுக்கு உரிய பத்தியை மட்டும் கத்தரித்து ஒட்டுவது வழக்கம். சூப்பர்வைசர் விசிலுக்கு இந்த வருஷம் கத்தரிக்கோல் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவாரே, அவர்தான். முழுக் காகிதத்தையும் ஒட்டிவிட்டார். முதல் மண்டலம், இரண்டாம் மண்டலம், மூன்றாம் மண்டலம். நாங்கள் மூன்றாவதாம். நீ முதலாவதாம். அதே கம்பெனி, அதே ஆஸ்பத்திரிப் போர்வை, அதே சோப்புத் தூள். எனக்கு மூன்று என்றால் உனக்கு ஐந்து.

அப்படி என்னதான் மடிக்கிறாய் அங்கே? எழுது. நானும் தெரிந்துகொள்கிறேன்.

என் மகன் போய்ச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான் மறக்கவில்லை என்பதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் புருஷனைப் பெற்றவள்


ஜனவரி 24

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுத மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

ஐந்து வருகிறது என்பது உண்மைதான் அத்தை. நான்கு அப்படியே போய்விடுகிறது. ஓர் அறையில் நான்கு பேர் இருக்கிறோம். கட்டில் இரண்டுதான், முறை வைத்துப் படுக்கிறோம். குளிக்கப் போனால் வாளி வைத்து இடம் பிடிக்க வேண்டும்.

என்ன மடிக்கிறேன் என்று கேட்டீர்கள். வார்டு போர்வை இங்கேயும் உண்டு. அதோடு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் துணியும் எங்களுக்கு வருகிறது. ஓரத்தில் பச்சை நூல் இரட்டைத் தையல் போட்டிருக்கும். நடுவில் ஓட்டை. நோயாளியைப் போர்த்தி, அந்த ஓட்டை வழியாகத்தான் டாக்டர் அறுப்பார். விசிறி மாதிரி இரண்டு பக்கமும் நடுவை நோக்கி மடித்து வர வேண்டும். ஓட்டை மேலே, சரியாக மையத்தில் நிற்க வேண்டும். கடைசியில் இரண்டு மூலைகளைக் காது மாதிரி வெளியே திருப்பி விட வேண்டும். ஆஸ்பத்திரியில் அதை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்கிறார்கள். அதற்குப் பிறகு நர்ஸ் அந்தக் காதுகளை மட்டும் பிடித்து விரிப்பாள். உள்பக்கம் எதன் மேலும் படக்கூடாது. ஒரு மடிப்பு தப்பினாலும் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்துத் தெருவில் தனியாக ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது சின்னதை இங்கே அழைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் வந்தேன் அத்தை, வேறு எதற்கும் இல்லை.

அவளுக்கு என் முத்தம். உங்களுக்கு என் வணக்கம்.

மருமகள்


பிப்ரவரி 11

மருமகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் அதன் இடத்தில் இருக்கிறது. நீ எழுதியதைப் பார்த்து நானும் மடித்துப் பார்த்தேன்.

உன் கல்யாணத்துக்கு உன் பெரியம்மா கொடுத்த பூப்போட்ட பெட்ஷீட் பெட்டியில் இருந்தது. அதன் நடுவில் ஓட்டை போட்டேன். அந்தப் பெரியம்மா அன்று மண்டபத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடவில்லை, ஆகையால் எனக்கு வருத்தமே இல்லை. உன் மகளைப் பாயில் படுக்க வைத்து நோயாளி ஆக்கினேன். முதல் தடவை விரித்தபோது, "பாட்டி, ஓட்டை என் மூக்கு மேல வந்திருக்கு. எனக்கு மூக்குலயா ஆபரேஷன்?" என்றாள். அடுத்த தடவை முழங்காலுக்கு வந்தது. "இது உனக்குப் பண்ண வேண்டிய ஆபரேஷன்" என்றாள். வாய் உன்னுடைய வாய். மெல்ல மெல்ல ஓட்டை வயிற்றுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

என் மேசையில் இருக்கும் ஐந்து பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன். போன வெள்ளிக்கிழமை மேனேஜர் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். எல்லார் முன்னாலும் பழைய துணியை விரித்து, மடித்து, காதைத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன்.

"இந்தா பாரு. முதல் மண்டலத்து மடிப்பு. என் மருமக அங்க இதைத்தான் மடிக்கிறா. இப்ப எனக்கும் தெரியும், இவங்க அஞ்சு பேருக்கும் தெரியும். முதல் மண்டலத்துக் கூலியைக் கொண்டா."

மனிதர் அசந்து போனார். இன்னொரு தரம் மடிக்கச் சொன்னார். போனில் படம் பிடித்தார். "தலைமை ஆபீசுக்கு இன்னைக்கே அனுப்பறேன் பாட்டிம்மா. இது அவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றார். விசில் கைதட்டினார். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த ஆள் எதற்கும் கைதட்டி நான் பார்த்ததில்லை.

கூலி ஏறினதும் எழுதுகிறேன். உன் ஐந்தைப் பற்றி அப்போது நேருக்கு நேர் பேசலாம்.

சின்னதை அழைத்துப் போகிற பேச்சை ஜூனில் வைத்துக்கொள்வோம்.

உன் மாமியார்


மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்க வேண்டும். நான் நலம்.

மடிப்பை இத்தனை சீக்கிரம் பிடித்துக்கொண்டீர்களே. இங்கே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

மேனேஜர் படம் பிடித்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் மேசை மட்டும்தான் பழகியதா, மற்ற மேசைக்காரர்களும் பழகிவிட்டார்களா?

இங்கே இப்போது ஓவர்டைம் இல்லை. நன்றாக ஓய்வு கிடைக்கிறது. சின்னதுக்குச் செருப்பு வாங்கி வைத்திருந்தேன், அனுப்புகிறேன். ஒரு விரல் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த வருஷம் முழுக்க வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 6

மருமகளுக்கு,

செருப்பு வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசு சரியில்லை.

இங்கே லாரி லாரியாகத் துணி வருகிறது. மூட்டையைப் பிரித்தால் ஓரத்தில் பச்சை நூல், இரட்டைத் தையல். நீ எழுதிய அதே துணி. எங்கள் மேசையில் கொட்டி, "மடிங்க" என்று விசில் ஊதுகிறார்.

"கூலி?" என்று கேட்டேன்.

"கூலி ஏத்தினா சொல்லுவாங்க. மடிக்கிறது அதே கைதானே பாட்டி?"

நான் மேனேஜர் அறைக்கே போனேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். எனக்கு நாற்காலி போடுகிறவர்களைப் பார்த்தாலும் இப்போது பயமாக இருக்கிறது.

"பாட்டிம்மா, கூலி நாங்க வைக்கிறதில்ல. அரசாங்கம் நாட்டை மூணாக் கோடு போட்டுப் பிரிச்சிருக்கு. அந்தப் பக்கம் வாடகை ஜாஸ்தி, பஸ் ஜாஸ்தி, வாழ்றதே ஜாஸ்தி. இங்க எல்லாம் சல்லிசு. அதனால இங்க மூணு போதும்."

"சரிப்பா. என் கண்ணாடியைப் பாரு. இதை விக்கிறவன், பாட்டி நீ மூன்றாம் மண்டலத்துக் கண்ணு, மூணு குடுத்தாப் போதும்னா சொன்னான்? கேஸ் சிலிண்டர்? மாத்திரை? உன் லாரி தூக்கிட்டு வர சோப்புத் தூளு எங்க கடைக்கு வரும்போது லாரி வாடகையும் சேத்து விக்கிது. எது சல்லிசு இங்க? நாங்கதான் சல்லிசு."

"டீ ஆறுது பாட்டிம்மா" என்றார்.

குடிக்காமல் வந்துவிட்டேன்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். உங்கள் துணி ஏன் இங்கே வருகிறது? நீ இப்போது எதை மடிக்கிறாய்? போன கடிதத்தில் ஜூன் மாதம் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஓய்வு கிடைக்கிறது என்று எழுதினாய். கூலிக்காரிக்கு எங்கிருந்து வந்தது ஓய்வு?

உடனே பதில் போடு.

உன் மாமியார்


ஏப்ரல் 25

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் மருமகளோடு ஒரே அறையில் இருக்கிறேன், ஒரே மேசையில் இரவு ஷிப்டில் வேலை செய்தேன். எங்கள் கட்டிலில் பகலில் நான் படுப்பேன், இரவில் அவள் படுப்பாள். அவள் நல்ல சுகத்தோடு இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எடுத்து எடுத்துப் படிக்கிறாள், பதில் எழுதவில்லை. அதனால் அவளுக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

மார்ச் தொடக்கத்தில் ஆபரேஷன் துணி இங்கே வருவது நின்றுவிட்டது. மூன்றாம் மண்டலத்தில் மடிக்கக் கற்றுக்கொண்டார்கள், இனிமேல் அங்கே போகும் என்று சொன்னார்கள். எங்களில் முப்பது பேரை நிறுத்திவிட்டார்கள். அவளும் நானும் அதில் சேர்த்தி. அவள் இப்போது ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள். பார்த்து வைத்த தனி அறையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செருப்பு, வேலை இருந்தபோது வாங்கியது.

இதை உங்களுக்கு எழுதிவிடு என்று நான் சொன்னேன். "வேணாம்டி. அவங்க மடிச்சுக் காட்டினதாலதான் இப்படி ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, ராத்திரி தூங்க மாட்டாங்க" என்றாள்.

நீங்கள் தூங்காவிட்டாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மருமகளின் அறைத்தோழி


மே 8

அம்மாடி,

உன் தோழி எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. திட்டு வாங்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

இரண்டு மாதமாக என்னிடம் மறைத்தாய். அதையும் சேர்த்து மனசில் வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது வரிசையில் அது பின்னால் போய்விட்டது. முன்னால் கம்பெனி நிற்கிறது. என் கையைக் காட்டியே உன் சோற்றைப் பிடுங்கியிருக்கிறார்கள். அதுவும் கைதட்டிக்கொண்டே.

கடிதம் வந்த மறுநாள் காலையில் பச்சை நூல் மூட்டை மேசைக்கு வந்தது. நான் ஒரு துணியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். மறுபடி மூட்டையிலேயே போட்டேன்.

விசில் வந்தார். "என்ன பாட்டி?"

"இதை எப்படி மடிக்கிறதுன்னு தெரியல."

"விளையாடாதீங்க. நேத்து மடிச்சீங்களே!"

"நேத்து தெரிஞ்சுது. வயசாயிடுச்சுல்ல?"

பக்கத்தில் நின்ற எங்கள் மேசைப் பெண்ணைப் பார்த்தார், ஒற்றைப்பின்னல் என்று நாங்கள் கூப்பிடுகிறவளை. அவளுக்கு இருபத்திரண்டு வயது. "எனக்கும் வயசாயிடுச்சு சார்" என்றாள். மேசையே சிரித்தது.

"நீங்க மடிச்ச போட்டோ மேனேஜர்கிட்ட இருக்கு" என்றார்.

"போட்டோ இருக்கா? நல்லதாப் போச்சு. அதையே மடிக்கச் சொல்லுங்க."

ஒன்று சொல்கிறேன் கேள். தப்பாக மடித்து அனுப்பலாம் என்று ஒற்றைப்பின்னல் சொன்னாள். கூடாது என்றேன். அந்த ஓட்டைக்குக் கீழே ஒரு நோயாளி படுத்திருப்பான். அவன் நமக்கு ஒன்றும் செய்யவில்லை. துணியைச் சுத்தமாகத் துவைக்கிறோம், உலர்த்துகிறோம், பிரித்தபடியே கட்டி வைக்கிறோம். மடிப்பதில்லை, அவ்வளவுதான். வார்டு போர்வையை எப்போதும் போல மடிக்கிறோம். அதற்குத்தானே மூன்று.

தொழிலாளர் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரியை மேனேஜரே கூட்டிவந்தார். சட்டம் சொல்லி எங்களைப் பயமுறுத்த நினைத்திருப்பார். அதிகாரி சின்னப் பையன், மரியாதையாகப் பேசினான்.

"வேலை எந்த மண்டலத்துல நடக்குதோ அந்த மண்டலத்து ரேட்டுதான்மா. துணி எங்கேர்ந்து வந்ததுன்னு சட்டம் பாக்காது."

"சரி தம்பி. குறைந்தபட்சக் கூலின்னா என்ன? இதுக்குக் கீழ குடுக்கக் கூடாது, அதானே?"

"ஆமாம்மா."

"மேல குடுத்தா ஜெயில்ல போடுவீங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேல எவ்வளவு வேணா குடுக்கலாம். தடையே இல்ல."

"அதை அவரைப் பாத்து ஒரு தரம் சொல்லு."

சொன்னான். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

அதற்குக் கூலியாக என்னை மடிப்பு மேசையிலிருந்து எடுத்து ஈரப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். தொட்டியிலிருந்து நனைந்த துணியை இழுத்துப் போடும் வேலை. என் முழங்காலைப் பற்றி அடிக்கடி கேட்பாயே, இப்போது கேட்காதே.

அத்தை


மே 21

அன்புள்ள அத்தைக்கு,

ஈரப் பக்கம் வேண்டாம் என்று அழுதுவிடலாமா என்று இருந்தது. அங்கே தரை வழுக்கும். தயவுசெய்து ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். பிரித்தபடி வந்த துணிகளை ஆஸ்பத்திரி வாங்க மாட்டேன் என்கிறதாம். என்னை உங்கள் கூடத்துக்கே வேலைக்கு அனுப்புகிறார்களாம். மடிப்பு மேசைக்குப் பொறுப்பாளர். எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்து வேலை வாங்க வேண்டும். கூலி மூன்றாம் மண்டலத்துக் கூலிதான். "சொந்த வீட்டுக்கே போறீங்க, வாடகை இல்ல, பிள்ளை பக்கத்துல. உங்களுக்கு இதைவிட வேற என்ன வேணும்?" என்று கேட்டார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன் அத்தை. சின்னதின் தலைமுடி இப்போது எவ்வளவு நீளம் என்றுகூட எனக்குத் தெரியாது. அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும் போல இருக்கிறது. அறை போய்விட்டது, ஜூனும் வந்துவிட்டது. வரட்டுமா?

இன்னொன்று. சொல்லாமல் போனேன் என்று முதல் கடிதத்தில் எழுதினீர்கள். சொல்லிவிட்டுத்தான் போனேன். நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வாசலில் நின்று, "அத்தை, போயிட்டு வரேன்" என்றேன். மறுபடியும் சொன்னேன். நீங்கள் திரும்பவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். உங்கள் காது அவ்வளவு மோசமாகிவிட்டது என்று அதே கடிதத்தில் நீங்கள் எழுதியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மருமகள்


மே 27

அம்மாடி,

ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

வாசலில் நின்று சொன்னதை முன்னால் வந்து நின்று சொல்லியிருக்கலாம். சரி, போகட்டும். அந்த ஒன்றை விட்டுவிடுகிறேன். மற்றவை இருக்கின்றன.

உன் மகள் தலைமுடி தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. வா என்று எழுதத்தான் கை போகிறது. உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. காட்டினால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள், பிறகு என்னாலும் முடியாது.

ஆனால் நீ எந்த வாசல் வழியாக வருவாய் என்று யோசித்துப் பார். உன்னைக் கொண்டு ஒற்றைப்பின்னலை மடிக்க வைப்பார்கள். அவள் மடித்தால் மற்றவர்களும் மடிப்பார்கள். அதோடு இங்கே மூன்று என்றைக்கும் மூன்றுதான், அங்கே அந்த முப்பது பேரும் என்றைக்கும் தெருவில்தான். என்னை வைத்து உன்னை அடித்தார்கள். இப்போது உன்னை வைத்து என்னை அடிக்கப் பார்க்கிறார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு கை கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

உன்னை வரச் சொல்லி எத்தனையோ ராத்திரி மனசுக்குள் கத்தியிருக்கிறேன். இப்போது எழுதுகிறேன். வராதே.

அத்தை


ஜூன் 4

அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லாம் படித்தேன்.

வேலைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கம்பெனியே ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன், திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

என் மேல் கோபம் வரும். வந்தால் வரட்டும். சின்னதிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.

மருமகள்


ஜூன் 13

என் மருமகளின் தோழிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கட்டில் இப்போது இரவிலும் உனக்குத்தான், நன்றாகக் கால் நீட்டிப் படு. நடந்ததை உனக்கு எழுதச் சொல்லி உன் தோழி சொன்னாள். "நீங்களே எழுதுங்க அத்தை, நான் எழுதினா நீங்க திட்டினதை எல்லாம் விட்டுடுவேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் பேசவில்லை. சின்னது அவள் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. சாப்பாடு போட்டேன், தட்டைச் சத்தமாக வைத்தேன். "கம்பெனி டிக்கெட்ல வந்தவங்களுக்குக் கம்பெனிதான் சாப்பாடு போடணும்" என்று சுவரிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். திங்கட்கிழமை எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டாள். தெருவில் எனக்கு முன்னால் அவள் நடக்கிறாள், நான் பின்னால் நடக்கிறேன். முப்பது குடும்பத்தைக் காலால் மிதித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டே போனேன்.

மேனேஜர் எல்லாரையும் மடிப்பு மேசையைச் சுற்றி நிற்க வைத்திருந்தார். ஈரப் பக்கத்திலிருந்து என்னையும் கூப்பிட்டார், என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கும். விசில் ஒரு விசில் ஊதினார். மேனேஜர் சொன்னார்: "இவங்க முதல் மண்டலத்துலேர்ந்து வந்திருக்காங்க. இனிமே தெரியல, மறந்துபோச்சு எதுவும் நடக்காது. இவங்க மடிக்கிறதைப் பாத்து எல்லாரும் மடிக்கணும்."

பச்சை நூல் துணி ஒன்றை அவள் முன்னால் விரித்தார்கள். அவள் இந்த ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அந்த ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். நடு ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு துணியை எடுத்து, அந்த ஓட்டை வழியாகத் தன் தலையை விட்டு வெளியே நீட்டினாள்.

"என்ன சார் இது, மழைக்கோட்டா?"

ஒற்றைப்பின்னல்தான் முதலில் வெடித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது. காது கேட்காத எனக்கே கேட்டது.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "விளையாடறீங்களா? அங்க நீங்கதான் முதல் ஆள்! உங்க மடிப்பு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லன்னு எழுதியிருக்காங்க!"

"அங்கயா சார்? அங்க நல்லாத் தெரியும்." துணியைத் தலையிலிருந்து எடுத்து, ஒரு குழந்தையின் சட்டையை மடிக்கிற மாதிரி மெதுவாக இரண்டாக மடித்து மேசையில் வைத்தாள். "உங்க கோடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. ரயில் அதைத் தாண்டும்போது என் கூலி அஞ்சுலேர்ந்து மூணா இறங்கிடுச்சு. கூடவே கொஞ்சம் மடிப்பும் இறங்கிடுச்சு போல. அஞ்சுக்கு எனக்குத் தெரியும் சார். மூணுக்கு இவ்வளவுதான் தெரியும்."

தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது, அது என் காதுக்குள் இருந்ததோ வெளியே இருந்ததோ.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "பாட்டிம்மா, இது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"எனக்கே தெரியாதுப்பா. எனக்கும் இவளுக்கும் ரெண்டு நாளாப் பேச்சுவார்த்தை இல்ல."

நிஜம்தானே? வீட்டுக்கு வந்து அவளைப் பிடித்துக் கேட்டேன். ஏண்டி, முன்கூட்டியே ஒரு வரி எழுதினால் என்ன, உன்னைத் திட்டாமலாவது இருந்திருப்பேனே என்றேன். "எழுதியிருந்தா, அன்னைக்கே விசில்கிட்டப் போய், வர்றா பாரு என் மருமகன்னு காட்டியிருப்பீங்க அத்தை. நீங்க ஒரு தரம் காட்டினது போதாதா?" என்றாள். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அதுதான் என் பதில்.

இப்போதைய நிலவரம் இது. நேற்று அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த உத்தரவை மேனேஜர் கையில் கொடுத்தபோது, மேசையில் இருந்த ஐந்து பேரும் வார்டு போர்வையையும் கீழே வைத்தார்கள். பக்கத்து மேசையும் வைத்தது. போர்வையைத் தேய்க்கும் உருளை மிஷின்காரி மிஷினை அணைத்தாள். சாயங்காலத்துக்குள் அந்த உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நாளை முதல் அவளுக்கும் ஈரப் பக்கம். இரண்டு பேரும் ஒரே தொட்டியில் நின்று துணி இழுக்கப் போகிறோம். என் முழங்காலைப் பற்றி இனி நேரிலேயே கேட்டுத் தொல்லை கொடுப்பாள்.

ஆபரேஷன் துணி எல்லாம் இன்று மறுபடி லாரியில் ஏறிவிட்டது. டிரைவர் சொன்னான், முதல் மண்டலத்துக்குத்தான் போகிறதாம். அங்கே உங்களைக் கூப்பிடுவார்கள். அநேகமாக ஏழெட்டுப் பேரைத்தான் கூப்பிடுவார்கள். ஏழெட்டுப் பேராகப் போகாதீர்கள். முப்பது பேரும் போங்கள். அவளுடைய இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள், டிக்கெட் இரண்டு பேருக்கு வேண்டும் என்று சொல்லுங்கள், பெரிய டிக்கெட் ஒன்று, சின்ன டிக்கெட் ஒன்று. சின்னதை அனுப்ப நான் தயார். அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைக்காதே.

எங்களைப் பற்றி உன்னிடம் கேட்பார்கள். கேட்டால் இப்படிச் சொல். அங்கே நாற்பத்து நான்கு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் அந்த மடிப்பு தெரியாது. எவ்வளவு கொடுத்தால் தெரியும் என்பது உங்கள் நோட்டீஸில் முதல் பத்தியிலேயே இருக்கிறது, அதை யாரும் கத்தரிக்காமல் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்.

நாங்கள் நிற்கிறோம்.

இவளுடைய அத்தை